ஒன்பது பலகையும் ஒரு மேசையும்

மதகடி வீடு,
வியாழக்கிழமை, காலை எட்டு மணி.

பெருமதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் ஒரே தம்பி, சதுப்பு நிலத்து மதகு காவலன், பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் உடம்பளவில் சௌக்கியம். அங்கே நீங்களும் அக்காவும் மனசளவிலும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பதினான்கு மாதமாக நீங்கள் என்னோடு பேசுவதில்லை என்பது எனக்கு மறந்துவிடவில்லை. நேற்று மட்டும் நாலு தடவை போன் செய்தேன். நாலு தடவையும் அக்காதான் எடுத்து, "அவர் பட்டறையில இருக்கார்டா" என்றாள். அவளுக்குப் பின்னால் உங்கள் இருமல் கேட்டது. பட்டறை கூடத்துக்கே வந்துவிட்டதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐந்தாவது தடவை அக்காவும் எடுத்திருக்க மாட்டாள். ஆகையால் இதை எழுதி மத்தியானப் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒரு மணிக்கு உங்கள் கையில் இருக்கும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். நாலு பலகை வேண்டும். ஐந்தடி நீளம், அரையடி அகலம், இரண்டு அங்குலக் கனம். நீங்கள் இங்கே வந்து பதினைந்து நாள் தங்கி என் மதகுக்குச் செய்துகொடுத்த அதே அளவு. மாலை ஆறு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டால் ஏழு மணிக்கு இங்கே வந்துவிடும். எட்டு மணியைத் தாண்டினால் ஐந்து முட்டை போய்விடும்.

முட்டை என்னுடையது இல்லை, முக்குளிப்பானுடையது. நீங்கள் வந்திருந்தபோது, "இது என்னடா, நம்மளக் கண்டாலே தண்ணிக்குள்ள ஒளியுது" என்று கேட்டீர்களே, அந்தக் குட்டிப் பறவைதான். அது மரத்திலும் கூடு கட்டாது, கரையிலும் கட்டாது. அழுகின தழையைக் குவித்துத் தண்ணீர் மேலேயே மிதக்கவிட்டு, அடித்துப் போகாமல் நாணல் தண்டோடு சேர்த்துப் பின்னி, அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் ஏறினால் கூடும் ஏறும், இறங்கினால் இறங்கும். தண்ணீர் அடியோடு வடிந்தால் கூடு சேற்றில் தட்டி நின்றுவிடும், அப்புறம் ரொட்டிக்கடைக்குப் பின்னால் படுத்துக் கிடக்கிற நாலு நாயும் கால் நனையாமல் நடந்து வந்து வேலையை முடித்துவிடும். இந்த வருஷம் மொத்தச் சதுப்புக்கும் முட்டையோடு இருப்பது இந்த ஒரு கூடுதான். மதகுக்கு இருபதடி தள்ளி, என் சமையலறை ஜன்னலுக்கு நேரே இருக்கிறது. இன்றைக்குப் பத்தொன்பதாம் நாள், இன்னும் ஒன்றிரண்டு நாளில் பொரித்துவிடும். காலை எட்டு மணிக் கணக்குப்படி கூட்டுக்கு அடியில் நாலு விரல் தண்ணீர் இருக்கிறது, மூன்று மணி நேரத்துக்கு ஒரு விரல் குறைகிறது. நீங்களே கூட்டிப் பாருங்கள். நான் இதுவரை ஏழு தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன்.

இவ்வளவு அவசரத்தில் இவன் மதகில் நிற்காமல் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறானே என்று நினைப்பீர்கள். எனக்கு மதகுப் பக்கம் போகத் தடை போட்டிருக்கிறார்கள். இருபத்து மூன்று வருஷமாக மதகு காக்கிறவனுக்கு. நான் கத்தினால் பறவை கூட்டை விட்டு எழுந்துவிடுமாம்.

எல்லாம் இந்தச் சர்வதேசப் பயிற்சியால் வந்த வினை. வருஷா வருஷம் எங்கள் ஈரநில மையத்துக்குப் பன்னிரண்டு நாட்டிலிருந்து பன்னிரண்டு பேர் வந்து, மூன்று வாரம் தங்கி, சேற்றை மோந்து பார்த்து, பறவை எண்ணி, தண்ணீரைச் சீசாவில் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போவார்கள். நல்ல பிள்ளைகள், குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு ஒரு பாடம் நானும் எடுப்பேன். மதகின் இரண்டு சுவரிலும் வெட்டியிருக்கிற காடிப் பள்ளத்தில் ஒன்பது பலகையை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கியிருக்கிறோம், ஒரு பலகையை எடுத்தால் அரையடித் தண்ணீர் போகும், போட்டால் நிற்கும், எடுத்தவன் எடுத்த கையோடு போட வேண்டும். இவ்வளவுதான் பாடம். என் காலத்தில் ஒரு பலகைகூடக் காணாமல் போனதில்லை.

இந்த வருஷம் பயிற்சிக்குத் தலைவியாக ஒரு அம்மாள் வந்தார். கழுத்தில் எந்நேரமும் ஓட்டப்பந்தயக் கடிகாரம் ஒன்று தொங்கும். யார் பேச எழுந்தாலும் அதை அமுக்குவார். நான் அவருக்குக் கடிகாரம் என்றே பேர் வைத்துவிட்டேன். இந்தத் தடவை கடைசிப் பாடம் பொதுமக்களைச் சேர்ப்பது என்றார். "இந்த இடம் தங்களோடதுன்னு ஊர்க்காரங்களுக்குத் தோணணும். தோணினாத்தான் காப்பாத்துவாங்க" என்றார். "தோணாத வரைக்கும்தான் மேடம் எனக்கு நிம்மதி" என்றேன். அதைச் சிரிப்புக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். பன்னிரண்டு பேரும் கூடி உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். குடும்பத்துக்கு ஒரு பலகை. ஒன்பது பலகைக்கு ஒன்பது குடும்பம். பலகையில் அவரவர் பேரைப் பெயின்டால் எழுதி, விழா வைத்து மதகில் இறக்குவது, அதோடு 'இப்பலகையின் உரிமையாளர்' என்று கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழும் கொடுப்பது. நான் எழுந்து, "பேரை எழுதுறது தண்ணிப் பக்கம். பலகை ஒண்ணுமேல ஒண்ணா நிக்குது. தண்ணி ஏறினா மேல் பலகை ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியும். மத்த எட்டுப் பேர் பேரும் முழுகிடும்" என்றேன். அம்மாள் கடிகாரத்தைப் பார்த்து, "உங்க நேரம் முடிஞ்சுது" என்றார்.

சீட்டுக் குலுக்கினார்கள். அடிப் பலகை ரொட்டிக்கடைக்காரருக்கும் மேல் பலகை தையல்காரருக்கும் விழுந்தது. இந்த இரண்டு பேரும் ஒரே தெருவில் எதிரெதிரே கடை வைத்துக்கொண்டு ஏழு வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்து காட்டியவர்கள். விழா நன்றாகத்தான் நடந்தது. பலகைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, எல்லாரும் அவரவர் பேர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் நான் பலகைகளை இறக்கினேன், இரண்டு நாளில் தண்ணீர் ஏறிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்கடைக்காரர் சம்பந்தி வீட்டாரைக் கூட்டிக்கொண்டு தன் பலகையைக் காட்ட வந்தார்.

"என் பலகை எங்க?"

"அடியில இருக்குங்க."

"அடியிலன்னா?"

"தண்ணிக்குள்ள."

"அன்னிக்கு வெளிய இருந்துச்சே."

"அன்னிக்கு வெயில்ல இருந்துச்சுங்க."

மேலே தையல்காரர் பேர் மட்டும் நீலப் பெயின்டில் பளபளவென்று நின்றது. சம்பந்தி "ஓஹோ" என்றார். அந்த ஓஹோவில்தான் எல்லாம் கெட்டது. நான் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து, ரொட்டிக்கடைக்காரரும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளையின் தம்பியுமாகச் சேர்ந்து ஒன்பது பலகையையும் உருவி, தங்கள் பலகையை மேலே வைத்து மறுபடி இறக்கிவிட்டார்கள். அடிப் பலகையை எடுக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும் இல்லையா. அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு சாண் தண்ணீர் போய்விட்டது.

திங்கட்கிழமை தையல்காரர் வந்து பழையபடி மாற்றினார். இன்னொரு சாண். செவ்வாய்க்கிழமை காலையில், நடுவில் பலகை விழுந்த பல் டாக்டரும் முடிவெட்டுகிறவரும், "அப்ப நாங்க மட்டும் இளிச்சவாயங்களா" என்று வந்து நின்றார்கள். அவர்களுக்கும் சேர்த்து அரைச் சாண். மத்தியானம் கடிகாரம் அவசரக் கூட்டம் போட்டு, வாரம் ஒரு குடும்பம் மேலே வரட்டும் என்று அட்டவணை வரைந்தார். "மேடம், ஒவ்வொரு மாத்துக்கும் ஒரு சாண் தண்ணி போகும். ஒன்பது வாரம் கழிச்சு தண்ணியே இருக்காது. அப்ப எல்லார் பேரும் நல்லாத் தெரியும்" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, தையல்காரரும் ரொட்டிக்கடைக்காரரும் முதல் வாரம் யாருக்கு என்பதில் இருந்தார்கள். கடைசியில் தையல்காரர், "எனக்கு அட்டவணையும் வேணாம், ஒண்ணும் வேணாம். என் பலகைய நான் எடுத்துட்டுப் போறேன்" என்று எழுந்தார். சான்றிதழைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அவர் எடுத்தால் இவர் விடுவாரா. சாயங்காலத்துக்குள் நாலு பலகை வீடு போய்ச் சேர்ந்தது.

(மணி ஒன்பதரை. ஜன்னலில் பார்த்தேன். மூன்றரை விரல். பறவை உட்கார்ந்தபடி இருக்கிறது. நாய் ஒன்று கரைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது, அதுவும் கூட்டிப் பார்க்கிறதோ என்னவோ.)

நேற்றுக் காலையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ரொட்டிக்கடைக்காரர் பலகையில் நாலு ஓட்டை போட்டுச் சுவரில் போல்ட் அடித்து, மேலே விளக்கும் மாட்டியிருந்தார். "அவன் குடுத்தா நானும் குடுக்கிறேன்" என்றார். தையல்காரரிடம் போனால், பலகையை ஒரு பக்கம் கூராக இழைத்துத் துணி சுற்றி, அதன்மேல் ஒரு கால்சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "நல்ல மரம்ங்க, சூடு தாங்குது" என்றார். உங்கள் மரம், அத்தான். கேட்டதும் எனக்கு ஒரு பக்கம் பெருமையாகவும் இருந்தது, இன்னொரு பக்கம் அவரை அதே இஸ்திரிப் பெட்டியால் ஒன்று வைக்கலாமா என்றும் இருந்தது. முடிவெட்டுகிறவர் இரண்டாக அறுத்து, பாதியை வாசலிலும் பாதியைக் கண்ணாடிக்கு மேலேயும் மாட்டிவிட்டார். பல் டாக்டர் திங்கட்கிழமைதான் வருவாராம். பூட்டின கண்ணாடிக் கதவு வழியாக, காத்திருக்கிற நாற்காலிகளுக்கு மேலே பலகை தெரிந்தது. கதவைத் தட்டிக்கூடப் பார்த்தேன்.

இங்கே மரக்கடையில் பிளைவுட்தான் கிடைத்தது. மத்தியானம் இறக்கினேன். மூன்று மணிக்குள் ஊறி, வயிறு முன்னால் தள்ளி, காடியை விட்டுத் துள்ளிக் கால்வாயில் போய் விழுந்தது. அப்புறம் பன்னிரண்டு நாட்டுப் பிள்ளைகளும் இடுப்புவரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு மணல் மூட்டை அடுக்கினார்கள். பாவம், முகமெல்லாம் சேறு. மூட்டை கொஞ்சம் தாங்குகிறது, கொஞ்சம் ஒழுகுகிறது. அதில் ஒரு மூட்டை சரிந்தபோது நான் போட்ட சத்தத்தில்தான் பறவை எழுந்துவிட்டது. ஐந்து நிமிஷம் முட்டையெல்லாம் திறந்து கிடந்தன. கடிகாரம் என்னிடம் வந்து, "நீங்க வீட்டுக்குள்ள போங்க. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் வெளிய வராதீங்க. நான் கூப்பிடுறேன்" என்றார். கூட்டைத் தூக்கி வேறிடத்தில் வைக்கலாம் என்றால் அதுவும் கூடாதாம், தொட்டால் தாய் திரும்ப வராதாம். அவர் சொல்வது சரி என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருகிறது. அதற்கான அறிக்கையை நேற்றே எழுதிவிட்டார்கள். 'பொதுமக்கள் பங்கேற்பு: எதிர்பார்த்ததைவிட அதிகம்.' பொய்யென்று சொல்ல முடியுமா.

(மணி பத்தே முக்கால். மூன்று விரல். கணக்குப்படிதான் போகிறது. ஆறு மணிப் பஸ் போதும்.)

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். மதகு வேலை முடிந்ததும் அதே மரத்தில் நீங்கள் எங்களுக்கு ஒரு சாப்பாட்டு மேசை செய்துகொடுத்தீர்கள். ஆறு பலகை போட்ட மேசை. அதன்மேல்தான் இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு அக்காவும் என் வீட்டு மனுஷர்களும் நிற்கும்போது, "என்ன அத்தான், மதகைப் பிடுங்கி வீட்டுக்குள்ள போட்டுட்டீங்களா" என்று நான் கேட்டது தப்புதான். ஆனால் அத்தான், ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. அது ரொம்பக் கனம். சமையலறைக்குப் போக வர இடுப்பில் இடிக்கிறது, ஒருமுறை நகர்த்தப் போய் ஒரு வாரம் படுத்தேன். அதைத்தான் சொன்னேன். நீங்கள் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போனீர்கள். அந்த டம்ளரில் பாதி மிச்சம் இருந்தது. அதைக் கழுவி வைக்கும்போதே எனக்குத் தெரியும், நான்தான் முதலில் பேச வேண்டும் என்று. பதினான்கு மாதம் தள்ளிப் போட்டுவிட்டேன். இப்போதுகூட எனக்குப் பலகை வேண்டும் என்பதால்தான் எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். அது நிஜம்தான், அதற்கு நான் என்ன செய்ய.

என் வீட்டுக்காரி இந்த மேசையை நூல் வைத்து அளந்துகொண்டிருக்கிறாள். எதற்கு என்றால், "நீங்க எழுதுங்க" என்கிறாள். மேசைத்துணி தைக்க இதுதான் நேரமா என்று கேட்டேன், நூலில் முடிச்சுப் போட்டுக்கொள்கிறாள். பயிற்சிக்கு வந்தவர்களில் பனை உயரத்துக்கு ஒருவன் இருக்கிறான், நெட்டை என்று கூப்பிடுவோம். நம் பேச்சில் அவன் கற்றுக்கொண்டது சரி, நல்லது, கொஞ்சம் என்ற மூன்று வார்த்தைதான். அவனும் உள்ளே வந்து மேசைக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "நல்லது" என்று சொல்லித் திருப்புளி எடுத்துக்கொண்டான். வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்வதில்லை.

அத்தான், மணி பதினொன்று நாற்பது. மூட்டை வரிசையில் நடுவே இருந்தது மொத்தமாகப் போய்விட்டது. ஜன்னலில் நின்று பார்த்தேன். தண்ணீர் மஞ்சளாகச் சுருட்டிக்கொண்டு கால்வாயில் இறங்குகிறது. மூன்று விரல் இருந்தது ஒரு விரலாகிவிட்டது. கூடு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, பறவை கழுத்தை நீட்டிக்கொண்டு இன்னும் அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கடிகாரம் முழங்கால் சேற்றில் நின்று தன் முதுகைக் கொடுத்து மூட்டையைத் தாங்குகிறார். கழுத்துக் கடிகாரம் தண்ணீரில் மிதக்கிறது. நாய் இரண்டாகிவிட்டது. இப்போதைய கணக்குக்கு ஒரு மணிக்குக் கூடு தரை தட்டும். ஒரு மணிக்குத்தான் இந்தக் கடிதமே உங்கள் கைக்கு வரும். நீங்கள் பறந்து வந்தாலும் பிரயோஜனமில்லை. இருந்தாலும் அனுப்புங்கள். எனக்கு வேறு யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. போன் செய்து நாலு தடவையும் உங்கள் இருமலைக் கேட்டபோது இதைத்தான் சொல்ல நினைத்தேன்.

இவள் வேறு, "கையை எடுங்க" என்கிறாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றால், "மேசையில இருந்து கையை எடுங்க" என்கிறாள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். அவள் முழங்கால் வலி தீரவும், உங்கள் உளி மழுங்காமலும், கை விரல் பத்தும் பத்தாகவே இருந்து இன்னும் நூறு வீட்டுக்குக் கதவு வைக்கவும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கோபத்துக்கு உரிய மைத்துனன்.

பின்குறிப்பு: சனிக்கிழமை மாலை. மேலே கேட்டிருக்கும் பலகை எதுவும் வேண்டாம். தயவுசெய்து அனுப்ப வேண்டாம். மேசை கனம் என்று நான் எழுதியதையும் அடித்துவிட்டுப் படியுங்கள். இதை முழங்காலில் வைத்து எழுதுவதால் கையெழுத்து இப்படி இருக்கிறது.

பன்னிரண்டு மணிப் பஸ் போய்விட்டது, நான் போகவில்லை. என் வீட்டுக்காரியும் நெட்டையும் மேசையைக் குப்புறக் கவிழ்த்து ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். "இது நம்ம சாப்பாட்டு மேசை" என்றேன். "அஞ்சடி நீளம், அரையடி அகலம், ரெண்டு அங்குலக் கனம்" என்றாள் அவள். "காலையில இருந்து நீங்கதான் எழுதிட்டு இருக்கீங்க. ஒரு தடவையாவது குனிஞ்சு பார்த்தீங்களா?" நான் பார்க்கவில்லை. நாலு பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தடையை யாரும் நினைவுபடுத்தவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. காடியில் வைத்தேன், இழைக்க வேண்டாம், தட்ட வேண்டாம், அது பாட்டுக்கு இறங்கிற்று. பன்னிரண்டே முக்காலுக்குத் தண்ணீர் நின்றது. கூட்டுக்கு அடியில் அரை விரல் தண்ணீர்கூட இல்லை. திரும்பிப் பார்த்தால் கரையில் தையல்காரர் அளவுகோலை ஓங்கிக்கொண்டு இரண்டு நாயைத் தடுத்து நிற்கிறார், பக்கத்தில் ரொட்டிக்கடைக்காரர் இன்னும் இரண்டைத் தடுக்கிறார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லைதான், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அன்று ராத்திரிக்குள் கூட்டுக்கு அடியில் மறுபடி நாலு விரல் ஏறிவிட்டது.

நேற்றுக் காலையில் மூன்று பொரித்தது, மத்தியானம் ஒன்று. ஐந்தாவது பொரிக்கவில்லை. நாலு குஞ்சும் தாய் முதுகில் ஏறி உட்கார்ந்து மேசையைத் தாண்டிப் போயின. மதகை என்று எழுத வேண்டும்.

இன்று வந்த குழு, மேல் நாலு பலகையில் ஏன் பேர் இல்லை என்று கேட்டது. கடிகாரம் என்னைப் பார்த்தார். கழுத்தில் அது ஓடவில்லை, தண்ணீர் புகுந்துவிட்டது. நான், "பேர் இருக்குங்க. தண்ணிக்குள்ள இருக்கு" என்றேன். கவிழ்த்துப் போட்டபோதுதான் பார்த்தேன், அத்தான். இந்த நாலில் இப்போது கீழே முழுகியிருக்கிற பலகையின் அடிப்பக்கத்தில், உங்கள் பென்சிலில், உங்கள் கோணல் எழுத்தில் எழுதியிருந்தது. 'மச்சான் வீட்டுக்கு. கணு இல்லாத பலகை மட்டும்.' மதகுப் பலகை ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கணு இருக்கிறதே என்று அப்போதே பார்த்தேன், ஏன் என்று யோசிக்கவில்லை. நல்லதையெல்லாம் எனக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மதகுக்குப் போட்டிருக்கிறீர்கள். நான் அதன்மேல் பதினான்கு மாதம் சாப்பிட்டேன்.

மீதி இரண்டு பலகையில் நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம், முழங்கால் முட்டுகிறது. ஆகையால் ஒரு மேசை வேண்டும். அதே நீளம், அதே அகலம், அதே கனம். பஸ்ஸில் போட்டு அனுப்ப வேண்டாம், இங்கே வந்து செய்யுங்கள். இதை நாளைக் காலைப் பஸ்ஸில் டிரைவரிடம் கொடுக்கிறேன். நாளை மறுநாளிலிருந்து மத்தியானப் பஸ்ஸுக்கு நான் நிறுத்தத்தில் நிற்பேன்.